பிரேக்கைப் பார்க்காத சாவடி

(தலைப்பு: மாநில எல்லைச் சாவடிகள் வேலியா? முள்ளா? ‘முள்ளே’ என்ற அணியில் பேசியது.)



எதிரணி நண்பர் அருமையாப் பேசினார். “எல்லையில சாவடி இல்லேன்னா திருட்டு வண்டி வரும், ஓட்டை வண்டி வரும், வரி கட்டாத வண்டி வரும். வயலுக்கு வேலி மாதிரி மாநிலத்துக்குச் சாவடி” என்றார். நீங்க கைதட்டினீங்க. நானும் தட்டினேன். நல்லா சொன்னா தட்டணும்ல! (சிரிப்பு)

ஆனா அய்யா, அவர் மூணு வண்டியைச் சொன்னார். அந்த மூணுல சாவடி எதைத் தேடுச்சு, எதைத் தேடாம விட்டுச்சு? வேலி போட்டவன் பயிரைப் பார்த்தானா, வர்றவன் மடியைப் பார்த்தானா? இதை நான் சொல்லப் போறதில்லை. வரலாறு சொல்லும். நான் பக்கத்துல நின்னு மைக் பிடிக்கிறேன், அவ்வளவுதான்.

முதல்ல நம்ம ஊர்ப் பேரைப் பாருங்க. கோயமுத்தூரிலே பஸ்ல ஏறினா கண்டக்டர் கூவுவார்: “சுங்கம் எறங்கு, சுங்கம் எறங்கு!” திருச்சிக்குப் போனா, கொள்ளிடத்தைத் தாண்டினதும் “நம்பர் ஒன் டோல்கேட்!” இன்னைக்கு அங்கே இறங்குறவங்க யாரும் பழைய சுங்கத்தைக் கட்ட இறங்கல. ஆனா பேர் போகல. வழியில நிறுத்திக் காசு வாங்கின இடத்தை ஜனங்க மறக்கவே மாட்டாங்க.

வாங்கின இடத்தை மட்டுமில்லை, வாங்காம விட்டவரையும் மறக்க மாட்டாங்க. 1070-இல் பட்டத்துக்கு வந்த முதலாம் குலோத்துங்க சோழன் எத்தனையோ போருக்குப் படை அனுப்பினார். ஆனால் ஜனங்க அவருக்குக் கொடுத்த பேர் என்ன? ‘சுங்கம் தவிர்த்த சோழன்’. இத்தனை நூற்றாண்டு கழிச்சும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை அந்தப் பேரைத்தான் சொல்லுது.

அதுக்கும் பல நூற்றாண்டுக்கு முன்னாடி காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகம். அங்கே சுங்கம் வாங்கினாங்க. இல்லேன்னு சொல்லல. பட்டினப்பாலை படிச்சவங்களுக்குத் தெரியும். மூட்டையை அளந்து, சோழனுடைய புலி முத்திரையைப் பதிச்சு அனுப்பினாங்க. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். முத்திரைன்னா என்ன? “நான் பார்த்துட்டேன்” என்று ஒருத்தர் கொடுக்கிற வாக்கு. அந்த வாக்கை அடுத்தவர் நம்பினா வண்டி போகும். நம்பலைன்னா வண்டி நிக்கும். எல்லைச் சாவடியோட மொத்தக் கதையும் இந்த ஒரு வரியிலே அடங்கியிருக்கு, நடுவர் அவர்களே.

இப்போ மோட்டார் காலத்துக்கு வருவோம்.

முதல்ல மாகாணத்துக்கு ஒரு மோட்டார் சட்டம் இருந்தது. 1914-இல்தான் பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் ஒரே மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. வண்டி பெருகிச்சு. மாட்டு வண்டிக்குப் போட்ட ரோடு மோட்டார் டயருக்குத் தாங்கல. ரோடு போடக் காசு வேணும். யார்கிட்ட வாங்குறது?

1927-இல் எம்.ஆர். ஜெயகர் தலைமையிலே ஒரு கமிட்டி போட்டாங்க. அந்தக் கமிட்டி ரொம்ப புத்திசாலித்தனமா ஒரு வழி சொல்லிச்சு: பெட்ரோல் மேல கொஞ்சம் கூடுதல் வரி போடு, அந்தப் பணத்தை ரோட்டுக்குன்னு தனியா எடுத்து வை. 1929-இல் அது நடைமுறைக்கு வந்தது. ஒரு காலனுக்கு ரெண்டணா. எந்தப் பகுதியில எவ்வளவு பெட்ரோல் செலவாச்சோ, அந்தக் கணக்குப்படி ரோட்டு நிதியிலிருந்து பங்கு.

இதோட அழகைப் பாருங்க. அதிகமா ஓட்டுறவன் அதிகமாக் கொடுக்கிறான். எந்த ஊர்ல ஓட்டுறானோ பெரும்பாலும் அந்த ஊர்லதான் பெட்ரோல் போடுறான். அந்த ஊருக்குப் பங்கு போகுது. இதுக்கு ஒரு சாவடி வேணுமா? ஒரு குறுக்குக் கட்டை வேணுமா? டார்ச் லைட் அடிச்சு “ஏய், நில்லு!”ன்னு சொல்ல ஒரு ஆள் வேணுமா? வேண்டாம். ரோட்டுக்கு வரி வாங்க கதவு தேவையில்லைன்னு 1929-லேயே நிரூபிச்சாச்சு!

அடுத்து 1931. நம்ம சென்னை மாகாணம். மோட்டார் வாகன வரிச் சட்டம் வருது. அன்னைக்கு உள்ளாட்சி அமைப்புகள் ஆங்காங்கே டோல்கேட் வெச்சு வண்டிக்கு வண்டி காசு வாங்கிக்கிட்டு இருந்தாங்க. அந்தச் சட்டம் சொன்னது: அந்த டோல்கேட்டை எல்லாம் எடுத்துடுங்க. உங்களுக்கு வர்ற நஷ்டத்தை வண்டி வரியிலிருந்து ஈடு கட்டுறோம். மோட்டார்க்காரன் வரியை ஒரு இடத்துல கட்டிட்டு நிம்மதியாப் போகட்டும்.

ஆக, தாய்மார்களே, நம்ம ஊர்ல மோட்டார் வாகன வரின்னு ஒண்ணு பிறந்ததே வழிமறிக்கிறதை நிறுத்துறதுக்காக! சாவடிக்குப் பதிலா வரி. அதுதான் ஒப்பந்தம். அப்புறம் வரியும் வந்து, சாவடியும் வந்து, போதாக்குறைக்கு நெடுஞ்சாலையில டோல்கேட்டும் வந்ததுன்னா, பேரம் பேசி முடிச்ச பிறகு மாட்டையும் ஓட்டிக்கிட்டு, காசையும் எடுத்துக்கிட்ட கதையால்ல இருக்கு! (கைதட்டல்)

நடுவர்: அப்போ ரோடு யார் போடுறது? உங்க மாமாவா?

என் மாமாதான் அய்யா போட்டார். அவர் கட்டின வரியில போட்டாங்க. அந்த மாமாகிட்டதான் வரப்போறேன், கொஞ்சம் பொறுங்க.

1939-இல் புது மோட்டார் வாகனச் சட்டம். இங்கேதான் கதை ரெண்டாப் பிரியுது. அந்தச் சட்டம் ஒரு கையால கொடுத்தது, மறு கையால பிடிச்சுக்கிச்சு. கொடுத்தது என்ன? ஓரிடத்துல முறையாப் பதிவு செஞ்ச வண்டியை மறுபடியும் வேற இடத்துல பதிய வேண்டாம். அந்தப் பதிவு எல்லா இடத்துக்கும் செல்லும். புலி முத்திரை மாதிரி! ஒருத்தர் பார்த்தாச்சு, மத்தவர் நம்பலாம்.

பிடிச்சுக்கிட்டது என்ன? பெர்மிட். வாடகைக்கு ஓடுற வண்டிக்கு ஒரு வட்டாரத்துல வாங்கின பெர்மிட் அடுத்த வட்டாரத்துல செல்லாது. அங்கே இருக்கிற அதிகாரியும் அதுல மேலொப்பம் போடணும். ஏன் இப்படி? பாதுகாப்புக்காகன்னு நினைக்காதீங்க. 1933-இல் மிட்செல், கிர்க்னஸ் என்ற ரெண்டு அதிகாரிகள் ஒரு அறிக்கை கொடுத்தாங்க. ரோடும் ரயிலும் போட்டி போடுறதைப் பற்றிய அறிக்கை. பஸ்ஸும் லாரியும் ரயில்வேயோட வருமானத்தைத் தின்னுதுங்கிற கவலை வெள்ளைக்கார அரசுக்கு. ரயில் அவங்க முதல் போட்ட சொத்து. அதைக் காப்பாத்தணும். லாரி தூரமா ஓடக் கூடாது. பெர்மிட் முறைக்குப் பின்னால இருந்த பெரிய காரணங்கள்ல இது ஒண்ணு. வேலின்னாரே நண்பர், அந்த வேலி யாருடைய பயிருக்குப் போட்டது பாருங்க. நம்ம வயலுக்கு இல்லை, அவங்க தண்டவாளத்துக்கு!

சரி, வெள்ளைக்காரன் போனான். 1950-இல் அரசியல் சட்டம் வந்தது. அதுல 301-வது பிரிவைப் படிச்சா நெஞ்சு நிறையும். இந்திய நாடு முழுவதும் வாணிபமும் போக்குவரத்தும் தடையில்லாம நடக்கணும்னு அது சொல்லுது. அடேயப்பா, குலோத்துங்கனே திரும்பி வந்துட்டார்னு நினைச்சு மாநிலப் பட்டியலைத் திருப்பினா, 57-வது இனம்: வாகனங்கள் மீதான வரி மாநிலத்துக்கு. அதுக்கு முன்னாடி 56: ரோட்டு வழியாப் போற சரக்குக்கும் பயணிக்கும் வரி, அதுவும் மாநிலத்துக்கு. ஒரு பக்கத்துல வழி திறந்திருக்குன்னு எழுதிட்டு, இன்னொரு பக்கத்துல வழியில உட்காரலாம்னு எழுதினா என்ன ஆகும்? கோர்ட்டுக்குப் போகும். போச்சு!

அது எந்தக் கோர்ட்டுக்குப் போச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி, எல்லைன்னா என்னன்னு நம்ம தெற்குக் கோடியில போய்ப் பார்த்துட்டு வந்துடலாம். ஆரல்வாய்மொழி தெரியுமா? மலைக்கு நடுவுல ஒரு கணவாய். காத்து அடிச்சா ஆளைத் தூக்கும். 1956 அக்டோபர் 31 ராத்திரி வரைக்கும் அதுதான் எல்லை. இந்தப் பக்கம் சென்னை ராஜ்யம், அந்தப் பக்கம் திருவாங்கூர்-கொச்சி. நவம்பர் 1 விடிஞ்சது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் நம்மோட சேர்ந்தது. ஆரல்வாய்மொழி உள்ளூர் ஆயிடுச்சு. அதுவரைக்கும் நடுவழியில சும்மா இருந்த களியக்காவிளை எல்லை ஆயிடுச்சு!

யோசிச்சுப் பாருங்க. நாகர்கோவில்ல இருந்து திருநெல்வேலிக்கு ஒரு லாரி. அக்டோபர் 31-ஆம் தேதி அது வெளி ராஜ்ய வண்டி. நவம்பர் 1-ஆம் தேதி அது நம்ம வீட்டு வண்டி. அந்த ஒரு ராத்திரியில வண்டியோட பிரேக் மாறிச்சா? டயர் மாறிச்சா? டிரைவர் மாறினாரா? ஒண்ணுமே மாறல. கோடு மாறிச்சு. அப்படின்னா அதுக்கு முந்தின நாள் வரை அங்கே கேட்ட கேள்வி வண்டியைப் பற்றின கேள்வியா, கோட்டைப் பற்றின கேள்வியா? (கைதட்டல்)

இப்போ கோர்ட்டுக்கு வாங்க. ராஜஸ்தான் பக்கம். அஜ்மீர் அப்போ தனி ராஜ்யம். சுத்திலும் ராஜஸ்தான். அஜ்மீர்ல பதிவான பஸ்கள் நசீராபாத்திலிருந்து தேவ்லிக்கு ஓடுது. கிளம்புற ஊரும் அஜ்மீர், போய்ச் சேர்ற ஊரும் அஜ்மீர். ஆனா நடுவுல ஒரு சின்னத் துண்டு நிலம் ராஜஸ்தானுக்குச் சொந்தம். வேட்டியில கரை மாதிரி ஒரு துண்டு. அந்தத் துண்டைத் தாண்டினதுக்கு, 1951 ஏப்ரலிலிருந்து 1954 மார்ச் வரைக்கும் வரி கட்டுன்னு ராஜஸ்தான் நோட்டீஸ் அனுப்பிச்சு. இன்னொரு வழி அஜ்மீர்–கிஷன்கட். அந்தக் காலத்துல கிஷன்கட் சமஸ்தானமும் அஜ்மீரும் ஒப்பந்தம் போட்டிருந்தாங்க. உன் வண்டிக்கு நான் வரி கேட்கலை, என் வண்டிக்கு நீ கேட்காதேன்னு. ராஜா காலத்துல இருந்த அந்த நல்லெண்ணம், கிஷன்கட் ராஜஸ்தானோட சேர்ந்த பிறகு போச்சு.

பஸ்காரங்க 301-வது பிரிவைக் கையில எடுத்துக்கிட்டு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. 1962 ஏப்ரல்ல தீர்ப்பு. ஏழு நீதிபதிகள். நாலு பேர் ஒரு பக்கம், மூணு பேர் மறு பக்கம். பெரும்பான்மை சொன்னது: ரோட்டைப் பயன்படுத்துறவன்கிட்ட அந்த ரோட்டுக்கு ஈடா வாங்குற வரி தடை ஆகாது. அதாவது ‘ஈடு செய்யும் வரி’. பஸ்காரங்க தோத்தாங்க. ஒத்துக்கொள்ளாத மூணு பேர்ல ஒருத்தர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன நீதிபதி ராஜகோபால அய்யங்கார்.

இதுல வேடிக்கை என்ன தெரியுமா? தீர்ப்பு வந்தது 1962-இல். அஜ்மீர் ராஜஸ்தானோட சேர்ந்தது 1956 நவம்பர் 1-இல். ஆரல்வாய்மொழி எல்லை அழிஞ்ச அதே நாள்! வழக்குக்குக் காரணமா இருந்த எல்லை செத்து அஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா வரி பாக்கி மட்டும் உயிரோட இருந்தது. மனுஷன் செத்தாலும் கடன் சாகாதுன்னு சொல்லுவாங்க. எல்லை செத்தாலும் வரி சாகாதுன்னு அன்னைக்குத் தெரிஞ்சது.

நான் அந்தத் தீர்ப்பைக் குறை சொல்லல. ஈடு செய்யும் வரின்னா நியாயம்தான். என் லாரி உன் ரோட்டைத் தேய்க்குது, அதுக்குக் கொடுக்கணும். அந்தத் தத்துவமும் நிலைக்கல, அது வேற கதை. 2016-இல் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து, அந்த ‘ஈடு’ தத்துவத்தையே தள்ளி வெச்சாங்க. பாரபட்சமா விதிச்சாத்தான் வரி தடையாகும்னு பெரும்பான்மை சொல்லிச்சு. கோர்ட்டுல இத்தனை வருஷம் பேசினது எல்லாம் வரியைப் பற்றி. வண்டி ஓடத் தகுதியா இருக்கா என்ற கேள்வி எங்கே போச்சு? அதுதான் என் கேள்வி.

இப்போ என் மாமா.

என் தாய்மாமா சங்ககிரிக்காரர். லாரி டிரைவர். எங்க பக்கம் சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடுன்னா வீட்டுக்கு ஒரு ஸ்டீயரிங் இருக்கும். அப்போ நேஷனல் பெர்மிட்னு ஒண்ணு இருந்தது. 1975-இல் கொண்டு வந்தது. பேருதான் நேஷனல். சொந்த மாநிலத்தோட சேர்த்துக் குறைஞ்சது நாலு மாநிலம். சேர்த்துக்கிற ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனியா வரி, தனியா பேங்க் டிராஃப்ட். மாமாவோட டாஷ்போர்டுல சாமி படம் ஒண்ணு, அதுக்குப் பின்னால காகிதக் கட்டு ஒண்ணு. “சாமியைவிட இந்தக் கட்டுக்குத்தான்டா பயப்படுறேன்”னு சொல்லுவார்.

1992. ஒரு மாநில எல்லை. எதுன்னு சொல்ல மாட்டேன். எல்லையில சாவடி, தாண்டினா மலை இறக்கம். சாயங்காலம் ஆறு மணிக்கு வரிசையில நின்ன வண்டி ராத்திரி பதினோரு மணிக்குக் கிளம்பிச்சு. அஞ்சு மணி நேரம். பெர்மிட் கேட்டாங்க, காட்டினார். வரி ரசீது கேட்டாங்க, காட்டினார். எஃப்.சி. கேட்டாங்க, அதையும் காட்டினார். சரியாத்தான் இருந்தது, நாலு மாசம் முன்னாடி எடுத்தது. கடைசியா, கேட்கக் கூடாததையும் கேட்டாங்க. கொடுத்தார். கட்டை தூக்கினாங்க.

இறக்கத்துல மூணாவது வளைவுல பிரேக் பிடிக்கல.

வண்டியை மலைப் பக்கமா விட்டு மோதி நிறுத்தினார். மாமாவுக்கு இடது கால் போச்சு. பக்கத்துல தூங்கிக்கிட்டு இருந்த கிளீனர் பையன் எழுந்திருக்கவே இல்லை. பதினேழு வயசு. அந்தப் பையனோட அம்மாவுக்கு மாமா சாகுற வரைக்கும் மாசாமாசம் பணம் அனுப்பினார்.

நான் கேட்டேன், “மாமா, யார் மேல தப்பு?” அவர் யார் மேலயும் பழி போடல. “பிரேக் என் பொறுப்புடா. பெடல் ஒரு வாரமா சாஃப்டா இருந்தது. ஊருக்குப் போய் பார்த்துக்கலாம்னு விட்டேன். தப்பு என்னுது” என்றார். கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு சொன்னார். “ஆனா கண்ணு, அஞ்சு மணி நேரம் நிக்க வெச்சாங்கல்ல. அத்தனை பேர்ல ஒருத்தர் ஏறி அந்தப் பெடலை ஒரு மிதி மிதிச்சிருந்தா, அவர் கால்ல விழுந்திருப்பேன்டா.”

(அரங்கில் அமைதி)

நடுவர் அவர்களே! மோட்டார் வாகன ஆய்வாளருக்கு நம்ம ஜனங்க என்ன பேர் வெச்சிருக்காங்க? ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’. டாக்ஸ் இன்ஸ்பெக்டர்னு வெக்கல. பெர்மிட் இன்ஸ்பெக்டர்னு வெக்கல. அந்த மனுஷன் எதுக்காக ரோட்டுல நிக்கணும்னு படிக்காத ஜனங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. ஆனா எல்லையில உட்கார வெச்ச உடனே அவர் கையில வசூல் புத்தகத்தைக் கொடுத்துட்டாங்க. பிரேக்கைப் பார்க்க வேண்டிய கண்ணு ரசீதைப் பார்த்தது. அவர் மேல தப்பில்லை. சாயங்காலம் மேலதிகாரி “எத்தனை பிரேக் பார்த்தே?”ன்னு கேட்டா பிரேக்கைப் பார்ப்பார். “எவ்வளவு வசூல்?”னு கேட்டா? ஒரே ஜன்னல்ல ரெண்டு வேலையை வெச்சா, காசு வர்ற வேலை ஜெயிக்கும். காசு வராத வேலை தோற்கும். இதுதான் நான் சொல்ல வந்தது.

எதிரணி நண்பர் இப்போ எழுந்து கேட்பார்: “அப்போ ஏமாத்துறவனை விட்டுடலாமா?” நியாயமான கேள்வி. மறைக்க மாட்டேன். புதுச்சேரியில வரி குறைவு. அதனால கேரளத்துல குடியிருக்கிறவங்க, கோடிக்கணக்கான ரூபாய் காரை வாங்கிப் புதுச்சேரி முகவரியில பதிவு பண்ணினாங்கன்னு 2017-இல் பெரிய புகார் கிளம்பி வழக்காச்சு. நாகாலாந்துல பதிவு செஞ்ச ஆம்னி பஸ் நம்ம ஊருக்குள்ளேயே ஓடிச்சு. 2024-இல் தமிழ்நாடு அரசு அதுக்குக் கெடு வெச்சு, இங்கே மறுபதிவு பண்ணுன்னு சொல்லிச்சு. ஒரு மாநிலம் ரோடு போடும், இன்னொரு மாநிலம் வரி வாங்கும்னா அது அநியாயம்தான். ஒத்துக்கிறேன்.

ஆனா அய்யா, அந்தக் காரை எல்லைச் சாவடியா பிடிச்சது? அந்தக் கார் எங்கே நின்னது? வீட்டுல நின்னது! ஒரு வண்டி எங்கே குடியிருக்குன்னு எல்லையில நின்னு பார்த்தா தெரியாது. பதிவேட்டைப் பார்த்தாத்தான் தெரியும். சட்டமும் அதைத்தான் சொல்லுது. 1988-ஆம் வருஷச் சட்டப்படி, வெளி மாநிலப் பதிவு வண்டி பன்னிரண்டு மாதத்துக்கு மேல தங்கினா, இங்கே புதுப் பதிவு எண் வாங்கணும். தங்கினாத்தான். தாண்டினா இல்லை.

தங்குறதுக்கும் தாண்டுறதுக்கும் வித்தியாசம் தெரியாம குழம்பினதும் உண்டு. 2014-இல் கர்நாடகம் ஒரு திருத்தம் கொண்டு வந்தது. வெளி மாநில வண்டி 30 நாளுக்கு மேல இருந்தா ஆயுட்கால வரி கட்டணும். ஓசூர்ல இருந்து தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போறவங்க பாடு திண்டாட்டம். ராத்திரி வீட்டுக்கு வந்துடுறாங்க, கார் தமிழ்நாட்டுலதான் தூங்குது. ஆனா பகல்ல பிடிச்சா, 30 நாள் இல்லைன்னு இவங்கதான் நிரூபிக்கணும். 2016-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து பண்ணிச்சு.

நடுவர்: அப்போ நீங்க சொல்ற மாதிரி, சாவடி இல்லாம வரி வாங்க முடியுமா? அதைச் சொல்லுங்க.

முடியும் அய்யா. முடிஞ்சிருக்கு. என் மாமா பார்க்காம போன காலத்தைச் சொல்றேன். 2010 மே மாசத்திலிருந்து நேஷனல் பெர்மிட் உண்மையிலேயே நேஷனல் ஆச்சு. மாநிலத்துக்கு ஒரு டிராஃப்ட் போய், ஒரே தொகை. வருஷத்துக்கு 15,000 ரூபாய். ரெண்டு வருஷம் கழிச்சு 16,500 ஆச்சு. ஒரு இடத்துல கட்டினா நாடு முழுக்க ஓடலாம். அந்தப் பணத்தை மாநிலங்கள் பங்கு போட்டுக்கும். ஜெயகர் கமிட்டி ரெண்டணாவில சொன்னதும் இதுதானே!

2017 ஜூலை 1. ஜி.எஸ்.டி. வந்தது. விற்பனை வரிச் சாவடிகளைப் பல மாநிலங்கள் சில நாளிலேயே மூடினாங்க. 2021 செப்டம்பர்ல ‘பாரத்’ வரிசைப் பதிவு. அரசு ஊழியர், ராணுவத்தினர், நாலு அல்லது அதுக்கு மேற்பட்ட மாநிலங்கள்ல அலுவலகம் வெச்சிருக்கிற கம்பெனிக்காரர் மாதிரி மாற்றலாகிப் போறவங்களுக்கு. பதினைஞ்சு வருஷ வரியை மொத்தமா ஒரு மாநிலத்துல கட்டிட்டு, மாற்றலானதும் திருப்பிக் கொடுன்னு அலைய வேண்டாம். ரெண்டு ரெண்டு வருஷமாக் கட்டலாம். போக்குவரத்துத் துறைச் சாவடிகளைக் குஜராத் 2019-இல் மூடிச்சு. மத்தியப் பிரதேசம் 2024 ஜூலையில மூடிச்சு. குஜராத்துல வானம் இடிஞ்சு விழல!

எல்லாம் தீர்ந்துபோச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். சுற்றுலாப் பஸ்களுக்கு அகில இந்திய பெர்மிட் விதிகள் 2021-இல் வந்தது, 2023-இல் புதுசா எழுதினாங்க. அதுக்கப்புறமும் மாநிலத்துக்கும் பஸ்காரருக்கும் வழக்கு நடந்தது. பழைய வழக்கம் லேசில போகாது.

ஆனா ஒரு அடிப்படையைப் பிடிச்சுக்குங்க. வாடகை வண்டிக்குக் கொடுக்கிற தகுதிச் சான்று, அதாவது நம்ம எஃப்.சி., இந்தியா முழுக்கச் செல்லும்னு 1988 சட்டமே சொல்லுது. புது வண்டின்னா எட்டு வருஷம் வரை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம், அப்புறம் வருஷா வருஷம். அதாவது தகுதிக்கு எல்லை இல்லைன்னு சட்டம் அன்னைக்கே ஒத்துக்கிச்சு. எல்லை இருந்தது வரிக்கு மட்டும்தான்! அந்த வரியும் இன்னைக்குக் கம்ப்யூட்டர்ல தெரியுது. வண்டி நம்பரைத் தட்டினா வரி, பெர்மிட், இன்சூரன்ஸ் எல்லாம் வருது. ரசீதைப் பார்க்க லாரியை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. ஆனா கம்ப்யூட்டர்ல நம்பரைத் தட்டினா ஒண்ணு மட்டும் தெரியாது. இந்த நிமிஷம் இந்த வண்டியோட பிரேக் பிடிக்குமா? டயர்ல பட்டன் தேய்ஞ்சிருக்கா? டிரைவர் தூங்கி எத்தனை மணி நேரம் ஆச்சு? அதுக்கு மனுஷன் வேணும். அந்த மனுஷன் எல்லைக் கோட்டுல நிக்க வேண்டாம். மலை இறக்கம் ஆரம்பிக்கிற இடத்துல நிக்கட்டும். அவர் கையில ரசீதுப் புத்தகம் வேண்டாம். ஒரு டார்ச் லைட்டும் ஒரு ஸ்பேனரும் போதும்.

எதிரணி நண்பரே, நீங்க வேலி வேணும்னீங்க. நானும் வேணும்னுதான் சொல்றேன். ஆனா வேலி எதைச் சுத்தி? கோட்டைச் சுத்தி இல்லை, உயிரைச் சுத்தி. கோட்டைச் சுத்திப் போட்டது அத்தனையும் முள்ளாத்தான் குத்தியிருக்கு. அஜ்மீர் பஸ்காரனைக் குத்துச்சு, ஓசூர்க்காரனைக் குத்துச்சு, என் மாமாவைக் குத்துச்சு.

சுங்கம் தவிர்த்த சோழன் மாதிரி எந்த அரசும் இன்னைக்கு வரியே வேண்டாம்னு சொல்ல முடியாது. நாங்க அதைக் கேட்கவும் இல்லை. வரி வாங்குங்க. ஒரு இடத்துல வாங்குங்க. வாங்கினதை உங்களுக்குள்ள பங்கு போட்டுக்குங்க. அந்த ஜன்னலை மூடிட்டு, ரோட்டுல நிக்கிற அந்த அதிகாரிக்கு ஜனங்க ஆசையா வெச்ச பேரைத் திருப்பிக் கொடுங்க. அவர் பிரேக் இன்ஸ்பெக்டர். பிரேக்கைப் பார்க்கட்டும்.

ஆகவே, மாநில எல்லைச் சாவடிகள் வேலி அல்ல, முள்ளே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைப் பணிவோடு கேட்டு அமர்கிறேன்.